மிதி வாங்காமல் டாங்கோ ஆடுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: அக்கா, புதிதாக டாங்கோ ஜோடி நடன வகுப்பு எடுக்கிறேன். முதல் நாளே மரியாதை, ஒழுங்கு என்று பேசினால் பசங்க ஓடிவிட மாட்டார்களா?

பதில்: ஓடத்தான் செய்வார்கள். அதனால் பேசாதீர்கள், நடக்க வையுங்கள்.

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனோஸ் ஐரிஸில் டாங்கோ ஆடக் கூடும் இரவுகளுக்கு மிலோங்கா என்று பெயர். அங்கே எல்லா ஜோடிகளும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வட்டமாக நகரும். அந்த வட்டம்தான் ரோண்டா. ஜோடியில் ஆட்டத்தை நடத்துகிறவர் லீடர், அவரைத் தொடர்ந்து ஆடுகிறவர் ஃபாலோவர். லீடர் பெரும்பாலும் முன்னோக்கி நடக்கிறார், அவர் முதுகுக்குப் பின்னால் நடப்பது அவருக்குத் தெரியாது. ஃபாலோவர் பின்னோக்கி நடக்கிறார், போகும் வழி அவருக்குத் தெரியாது. ஆகவே லீடர் வட்டத்துக்கு எதிராக ஓர் அடி பின்னால் வைத்தாலும் யாராவது மிதி வாங்குவார்கள். முந்தக்கூடாது, பின்வாங்கக்கூடாது என்ற விதிகள் இப்படி வந்தவைதான். நாகரிகம் என்று நாம் சொல்லும் பாதி, காலைக் காப்பாற்றும் ஏற்பாடு.

முதல் வகுப்பில் ஸ்டெப் எதுவும் வேண்டாம். வட்டத்தில் நடக்கட்டும். பாட்டுக்குப் பாட்டு நாற்காலிகளை உள்ளே நகர்த்தி இடத்தைச் சுருக்குங்கள். திடீரென்று ஒரு ஜோடியை நிற்கச் சொல்லுங்கள். பின்னால் வருகிற ஜோடி இடிக்காமல், நின்ற இடத்திலேயே எடையை மாற்றி மாற்றித் தாளத்தோடு இருந்தால் தேறிவிட்டது. தளத்தில் இறங்கும் முன் எதிரே வரும் லீடரின் கண்ணைப் பார்த்து, அவர் தலையசைத்த பிறகே நுழையப் பழக்குங்கள். ரவுண்டானாவில் பைக்கைச் செருகுகிற மாதிரி நுழைகிறவர்களால்தான் முக்கால்வாசி வம்பு.

கேள்வி: கூட்டத்தில் ஒரு பெண்ணின் ஸ்டிலெட்டோ ஹீல் என் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. அவர் ஸாரி கேட்டார். கூட ஆடியவர் கண்டுகொள்ளவே இல்லை. தப்பு யாருடையது?

பதில்: பெரும்பாலும் அந்தக் கண்டுகொள்ளாதவருடையது. சுழலும் திசையைச் சட்டென்று மாற்றினால் ஃபாலோவரின் கால் பின்னால் வீசி எழும். அதுதான் போலேயோ. மேடையில் அழகு, நெரிசலில் ஆபத்து. புவெனோஸ் ஐரிஸில் 2003 முதல் நடக்கும் உலக டாங்கோ போட்டியிலேயே சமூக நடனத்துக்கு பிஸ்தா என்றும் மேடைக்கு எஸ்செனாரியோ என்றும் தனித்தனிப் பிரிவு. பிஸ்தாவில் குதிக்க அனுமதியில்லை.

ஃபாலோவருக்கும் ஒன்று சொல்லித்தர வேண்டும்: லீடர் எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் காலைத் தூக்கியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. கால்விரல் நுனி தரையை உரசியபடியே போலேயோ ஆடப் பழகட்டும்.

உங்கள் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஆழமாக இருந்தால் டாக்டரிடம் காட்டி டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: கணுக்கால் பிசகினால் மெதுவாக ஆடியே சரி செய்யலாம் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பரை மாற்றுங்கள். உட்கார்ந்து, காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். நாலடி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பைத் தொட்டாலே வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

கேள்வி: மேடம், ஒருவர் கையை முறுக்குகிற மாதிரி பிடிக்கிறார். நேரே வந்து கை நீட்டுவதால் மறுக்கவும் முடியவில்லை.

பதில்: இதற்காகவே மிலோங்காவில் கபெசேயோ இருக்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பார்கள், நீங்களும் பார்த்துத் தலையசைத்தால் ஆட்டம், பார்வையைத் திருப்பினால் இல்லை. யாருக்கும் தலைகுனிவு கிடையாது. வகுப்பிலேயே இரண்டு சுவர் ஓரமாக எதிரெதிரே உட்கார வைத்துப் பழக்கலாம்.

நேரே வந்து நின்றாலும் "இப்போ வேண்டாம்" என்றால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆடத் தொடங்கிவிட்டீர்களா? மூன்று நான்கு பாட்டு சேர்ந்த தாந்தா முடியும்வரை சேர்ந்து ஆடுவது வழக்கம். ஆனால் வலிக்கிறதென்றால் அந்த வழக்கம் உங்களைக் கட்டுப்படுத்தாது. "வலிக்கிறது, பிடியைத் தளர்த்துங்கள்" என்று சொல்லுங்கள். கேட்கவில்லையா, "கிராசியாஸ்" (ஸ்பானிஷில் நன்றி) சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நடத்துபவரிடமும் சொல்லிவையுங்கள், அடுத்த பெண்ணுக்காவது உதவும்.

கேள்வி: சீனியர் ஒருவர் ஆடும்போதே என்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்.

பதில்: மிலோங்காவில் பாடம் எடுப்பது அநாகரிகம். திருத்த வகுப்பும் பயிற்சி நேரமும் இருக்கின்றன.

கேள்வி: வளையல், வாட்ச் போட்டு ஆடலாமா?

பதில்: கழற்றிவிடுங்கள். கூரான மோதிரத்தையும்தான். நெருங்கி அணைத்து ஆடும் நடனம், வாட்ச் கொக்கி கூட ஆடுபவர் சட்டையில் மாட்டும், இல்லையென்றால் முதுகைக் கீறும்.