கோலிக்குண்டு அளவிலேயே உதிரும் அத்திக்காய்

வணக்கம் நண்பரே. பூனா, பிரவுன் டர்க்கி ஆகிய இரண்டு அத்தி வகைகளும் மாடித் தொட்டியில் நன்றாகப் பழுக்க, காலிமிர்னா என்று வாங்கிய செடி மட்டும் கோலிக்குண்டு அளவிலேயே காயை உதிர்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உரத்தைக் கூட்டாதீர்கள், தவறு உங்கள் மேல் இல்லை. அது ஸ்மிர்னா வகை. ஆண் அத்தியிலிருந்து மகரந்தம் சுமந்துவரும் ஒரு குட்டிக் குளவி காய்க்குள் நுழைந்தால்தான் பழுக்கும், கலிஃபோர்னியாவிலேயே 1899-இல் அந்தக் குளவியைக் கொண்டுவந்து நிலைக்க வைத்த பிறகுதான் ஒழுங்காக விளைந்தது. நம் நாட்டு அத்தி மரத்துக் குளவி வேறு இனம், இதற்கு உதவாது. மற்ற இரண்டுக்கும் மகரந்தமே வேண்டாம். பேசாமல் பிரவுன் டர்க்கியில் பென்சில் தடிமனில் ஒரு குச்சி வெட்டி, காலிமிர்னாவை எடுத்துவிட்டு அதன் தொட்டியில் நட்டுவிடுங்கள், சுலபமாக வேர்விடும். அப்புறம், தண்ணீர் மட்டும் விட்டுவிட்டு ஊற்றாதீர்கள், மண் காய்ந்தால் இவையும் காயை உதிர்க்கும்.