கடல் உறைந்தால் மூச்சு நின்றுவிடுமா?

கேள்வி: துருவக் கடல் உறைந்துவிட்டால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அது உறிஞ்சுவது நின்றுவிடும் என்கிறார்களே, கடற்பனி வெறும் மூடிதானா?

பதில்: நெடுங்காலம் ஆய்வாளர்கள் பலரும் அப்படித்தான் கருதினார்கள். ஆனால் கடற்பனி, நம் வீட்டுக் குளிர்பெட்டியில் உறையும் பனிக்கட்டியைப் போன்றதன்று. ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில் கடல்நீர் உறையும்போது நீர் மட்டுமே படிகமாகிறது; உப்புக்கு அதில் இடமில்லை. ஒதுக்கப்பட்ட உப்பும் கரைந்த கார்பனும் செறிந்த நீர், மயிரிழை போன்ற நுண்குழாய்களில் தேங்க, அதில் ஒரு பகுதி அடியிலுள்ள கடலுக்குள் வடிகிறது.

குளிர் கூடக் கூட, அந்தக் குழாய்களுக்குள் கால்சியம் கார்பனேட்டும் நீரும் சேர்ந்த 'இகைட்' என்னும் படிகம் விளைகிறது. கிரீன்லாந்தின் இக்கா ஃபியோர்டில் முதலில் கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர். அண்டார்க்டிக் கடற்பனியில் இது இருப்பது 2008இல்தான் அறிவிக்கப்பட்டது. அறை வெப்பத்தில் வைத்தால் நீரும் சுண்ணத் தூளுமாகக் குலைந்துவிடும் பொருள் என்பதால், குளிர் குறையாமல் கையாண்டால்தான் கண்ணுக்கு அகப்படும்.

இப்படிகம் விளையும்போது கார்பன் டை ஆக்சைடு விடுபடுகிறது. அது கனத்த உப்புநீரோடு கீழே இறங்கிவிட, படிகம் பனியிலேயே தங்கினால், வசந்தத்தில் பனி உருகும்போது படிகமும் கரைந்து, மேற்பரப்பு நீரின் காரத்தன்மையைக் கூட்டி, காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுக்கத் துணைபுரிகிறது. பனியின் வெப்பநிலை சுமார் மைனஸ் 5 டிகிரிக்குக் கீழிறங்கி, உப்புநீரின் பங்கு 5 விழுக்காட்டுக்கும் குறையும்போது குழாய்களின் தொடர்பு அறுபடும். நீங்கள் குறிப்பிடும் மூடி அப்போதுதான் பெருமளவு உண்மையாகிறது, அதுவும் விரிசல் விழாத இடங்களில் மட்டும்.