வாசகர் கேள்வி – பதில்: நாற்பதாம் இடத்துப் பாடலையும் கேளுங்கள்

சென்ற இதழில், பிரபலப் பாடல்களைக் கடைசி இடத்திலிருந்து முதலிடம் வரை வரிசையாக ஒலிபரப்பிய பழைய வானொலி ‘கவுண்ட்டவுன்’ நிகழ்ச்சிகளை இன்று பலர் மீண்டும் தேடிக் கேட்பதைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ‘அமெரிக்கன் டாப் 40’ நிகழ்ச்சியின் எழுபதுகள், எண்பதுகளைச் சேர்ந்த ஒலிப்பதிவுகளை ஓய்வுபெற்ற பிறகு விரும்பிக் கேட்டு வருகிறேன். “பிடித்த பாட்டை மட்டும் போட்டுக் கேட்கலாமே அப்பா, எதற்கு மூன்று மணி நேரம்?” என்று என் மகள் கேட்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? (ஈசூன் வாசகர்)

பதில்: பாடல் மட்டும் போதும் என்றால் உங்கள் மகள் சொல்வதே சரி. ஆனால், அந்த மூன்று மணி நேரத்தில் பாடல்களோடு வேறொன்றும் கிடைக்கிறது. ஒரு குறிப்பிட்ட வாரத்தில் மக்கள் காசு கொடுத்து வாங்கியவை, வானொலி நிலையங்கள் ஓயாமல் ஒலிபரப்பியவை, பிறகு எல்லாரும் சேர்ந்து மறந்துபோனவை ஆகிய அனைத்தும் அதில் கலையாமல் அப்படியே இருக்கின்றன. இன்றைய ‘பொற்காலப் பாடல்’ தொகுப்புகள் அந்தக் காலத்தில் முதலிடத்துக்கு வந்த பாடல்களையே திரும்பத் திரும்பத் தருகின்றன. முப்பத்தேழாம் இடம் வரை ஏறி, இரண்டு வாரம் அங்கே தங்கிவிட்டு மறைந்த ஒரு பாடலை அவற்றில் கேட்கவே முடியாது. அந்தப் பாடலும் ஒரு வாரத்தில் ஒருவருக்கு மிகவும் பிடித்த பாடலாக இருந்திருக்கும் அல்லவா? அதைத் தேடி எடுத்துத் தருவது பழைய கவுண்ட்டவுன் நிகழ்ச்சி மட்டுமே.

1970ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதியை ஒட்டிய வார இறுதியில், ஏழே ஏழு அமெரிக்க வானொலி நிலையங்களில்தான் அந்த நிகழ்ச்சி தொடங்கியது. ‘பில்போர்டு’ என்ற அமெரிக்க இசைத்துறை இதழ் 1958 முதல் வெளியிட்டு வந்த ‘ஹாட் 100’ என்ற பிரபலப் பாடல் பட்டியலின் முதல் நாற்பது இடங்களை, கடைசி இடத்திலிருந்து முதலிடம் வரை வரிசையாக ஒலிபரப்புவதே அதன் அமைப்பு. முதல் நிகழ்ச்சியின் முதல் பத்து இடங்களுக்குள் எல்விஸ் பிரெஸ்லியும் பீட்டில்ஸ் குழுவினரும் ஒருசேர இடம்பெற்றிருந்தார்கள். தொடக்கத்தில் மூன்று மணி நேரமாக இருந்த நிகழ்ச்சி, பாடல்களின் நீளம் கூடிக்கொண்டே போனதால், 1978 அக்டோபரில் நான்கு மணி நேரமாக நீண்டது. அதை இசைத்தட்டுகளில் பதிவு செய்து, ஒவ்வொரு வாரமும் நிலையங்களுக்கு அனுப்பி வைத்தார்கள். அன்றைய இசைத்தட்டுகளில் தப்பிப் பிழைத்தவையும் மூலப் பதிவுகளும் இருப்பதால்தான் இன்று அந்த நிகழ்ச்சியை இவ்வளவு தெளிவாகக் கேட்க முடிகிறது.

தொகுப்பாளர் கேசி கேசம், லெபனானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பெற்றோருக்கு 1932இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர்; இளமையில் கொரியாவில் அமெரிக்க ராணுவ வானொலியில் பணியாற்றியவர். கலிபோர்னியாவில் ஒரு நிலையத்தில் வேலை பார்த்தபோது, “உன் பாணியை மாற்றிக்கொள்” என்று மேலாளர் சொல்லிவிட, என்ன செய்வதென்று திகைத்து நின்ற அவருக்கு, பாடகர்களைப் பற்றிய குறிப்புகள் அடங்கிய ஒரு பழைய இதழ் குப்பைத்தொட்டியில் கிடைத்ததாம். அன்று முதல் ஒவ்வொரு பாடலுக்கும் முன்னால் ஒரு சின்னக் கதை சொல்லத் தொடங்கினார். ஒரு பாடகரின் வறுமை, ஒரு விபத்து, எதிர்பாராத ஒரு தொலைபேசி அழைப்பு என்று கதையை வளர்த்துக்கொண்டே போவார்; பெயரை மட்டும் சொல்லமாட்டார். “யார் அவர்? இதோ வருகிறேன்” என்ற தொனியில் நிறுத்துவார், விளம்பரம் வந்துவிடும். இன்று அதே பதிவைக் கேட்கும்போது, விடை தெரிந்தவர்கள்கூட விளம்பரம் முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

உங்கள் மகளிடம் விளக்கம் ஏதும் சொல்ல வேண்டாம். அவர் பிறந்த வாரத்தின் பட்டியலைத் தேடி, அதை நாற்பதாம் இடத்திலிருந்து அவரோடு சேர்ந்து கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பழைய நிகழ்ச்சிகளில் ஒரு பாடல் வாரந்தோறும் படிப்படியாக ஏறுகிறது. பிற்காலப் பட்டியல்களில் நேரே உச்சியில் வந்து உட்காருகிறது. அந்தக் காலத்து ரசிகர்கள் அவ்வளவு பொறுமைசாலிகளா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: ரசிகர்களின் பொறுமையைவிடக் கணக்கெடுத்த முறைக்கே இதில் பங்கு அதிகம். பல்லாண்டுகளாக, இசைத்தட்டுக் கடைகளும் வானொலி நிலையங்களும் தெரிவித்த தகவல்களைத் திரட்டியே ‘பில்போர்டு’ பட்டியலிட்டது. எந்தப் பாடல் நன்றாகப் போகிறது என்று கடைக்காரர் சொல்வார். எத்தனை பிரதிகள் விற்றன என்ற துல்லியமான எண்ணிக்கை அதில் இருக்காது. 1991 நவம்பர் இறுதியில், கடைகளின் விற்பனைக் கணக்கை மின்னணு முறையில் பதிவு செய்யும் ஏற்பாடும், வானொலியில் ஒலிக்கும் பாடல்களைக் கருவி கொண்டு கண்டறியும் ஏற்பாடும் ‘ஹாட் 100’ பட்டியலுக்கு அடிப்படையாயின. பாடல்கள் உயர்ந்த இடத்தில் நுழைவதும், பல வாரங்கள் அசையாமல் நிற்பதும் அதன் பிறகே அதிகமாயின. உண்மைக்கு நெருக்கமானது புதிய முறைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கேட்பதற்குச் சுவையானவை பழைய பட்டியல்களே. இந்த வாரம் ஐந்து படி ஏறிய பாடல் அடுத்த வாரம் என்ன ஆகும் என்ற எதிர்பார்ப்பு அவற்றில் உயிரோடு இருக்கிறது.

கேள்வி: சிங்கப்பூருக்கு வந்த புதிதில் என் தாத்தா, சிற்றலையில் இலங்கை வானொலியின் ‘பினாக்கா கீத்மாலா’ நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்பாராம். அவருக்கு இந்தி தெரியாது. இந்திப் பாடல்களுக்கான நிகழ்ச்சியை இலங்கை ஏன் நடத்தியது? அதை இன்று கேட்க வழி உண்டா? (தோ பாயோ வாசகி)

பதில்: நல்ல கேள்வி. நம் பகுதியின் கவுண்ட்டவுன் வரலாறே அங்குதான் தொடங்குகிறது என்பேன். 1952இல் இந்தியாவின் தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதியவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு ஏறக்குறைய இடமே இல்லாமல் போயிற்று. இலங்கை வானொலியிடமோ, இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக அமைக்கப்பட்ட ஆற்றல் மிக்க சிற்றலைக் கருவிகள் இருந்தன. வணிக ஒலிபரப்புக்கும் அங்கே இடம் இருந்தது. தாய்நாட்டில் கதவடைக்கப்பட்ட பாடல்கள் கடல் தாண்டிப் போய் அங்கிருந்து திரும்பி வந்தன. அந்த ஒலிபரப்பு ஆசியாவின் பல பகுதிகளை எட்டியது. உங்கள் தாத்தாவின் வானொலிப் பெட்டியை எட்டியதும் அவ்வாறே.

பற்பசை நிறுவனம் ஒன்றின் ஆதரவோடு 1952 டிசம்பர் 3ஆம் தேதி தொடங்கிய அந்த நிகழ்ச்சியைத் தொகுத்தவர் அமீன் சயானி. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. முதலில் அதில் தரவரிசையே கிடையாது. ஏழு பாடல்களை ஒலிபரப்பி, அவற்றை வரிசைப்படுத்தி எழுதும்படி நேயர்களைக் கேட்டார்கள். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்ததாக சயானி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கடிதங்கள் மலைபோல் குவிந்த பிறகே அது முறையான தரவரிசை நிகழ்ச்சியாக மாறியது. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைத் தகவலோடு நேயர் மன்றங்களின் விருப்பத்தையும் சேர்த்து இடங்களை முடிவு செய்தார்கள். கடைக்குப் போய் இசைத்தட்டு வாங்க வசதியில்லாத ஊர்களின் குரலும் பட்டியலில் சேர வேண்டும் என்ற அந்த அக்கறையை நான் மிகவும் மதிக்கிறேன்; அமெரிக்கப் பட்டியலில் அப்படியோர் ஏற்பாடு இல்லை.

மொழி தெரியாத உங்கள் தாத்தா அதை விரும்பிக் கேட்டதில் வியப்பில்லை. புதன்கிழமை இரவு ஒரே நேரத்தில், ஒரே குரல், சென்ற வாரத்துப் பாடல் ஏறியதா இறங்கியதா என்ற ஆவல் ஆகியவை மொழியின் துணை இல்லாமலே புரிந்துவிடும். 1989இல் நிகழ்ச்சி அகில இந்திய வானொலியின் விவித பாரதி சேவைக்கு மாறியது. சயானி 2024 பிப்ரவரியில் தம் 91ஆம் வயதில் மும்பையில் காலமானார். பழைய நிகழ்ச்சிகளின் வரிசையை நினைவுபடுத்தி, அவரே மீண்டும் தொகுத்துப் பேசிய ஒலித்தொகுப்பை சரிகம நிறுவனம் பல பாகங்களாக வெளியிட்டது. நீங்கள் அதிலிருந்து தொடங்கலாம். அந்தக் காலத்தில் நேரடியாகப் பதிவான நிகழ்ச்சி வேண்டுமென்றால், யாரோ வீட்டில் பதிவு செய்து வைத்த நாடாக்களையே நம்ப வேண்டியிருக்கிறது.

கேள்வி: காலமான என் அப்பா எண்பதுகளில் தமிழ் வானொலியில் பதிவு செய்த கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. நேயர் விருப்பமும் வரிசைப் பாடல்களும் கலந்திருக்கின்றன. சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறது. கணினிக்கு மாற்றும்போது அறிவிப்பாளரின் பேச்சையும் விளம்பரத்தையும் வெட்டிவிடலாமா? இணையத்தில் ஏற்றலாமா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: வெட்டவே வேண்டாம். பாடல் எங்கும் கிடைக்கும். உங்கள் அப்பாவின் கேசட்டில் இருக்கும் பாடலைவிடத் தெளிவான பதிவை இன்று யாரும் நொடியில் கேட்டுவிடலாம். அறிவிப்பாளர் ஒரு நேயரின் பெயரையும் புளோக் எண்ணையும் வாசிப்பது, இடையில் வரும் நேர அறிவிப்பு, தேக்காவின் துணிக்கடைக்கான விளம்பரம் ஆகியவை வேறெங்கும் இல்லாமல் போயிருக்கலாம். வானொலி நிலையம் அன்று இயங்கிய கால்டிகாட் குன்றிலிருந்து அன்றாடம் நேரலையில் போன பேச்சு முழுவதையும் யாரும் பாதுகாத்து வைத்திருக்க முடியாது. உங்கள் அப்பா பேச்சைத் தவிர்ப்பதற்காகப் பதிவை நிறுத்தி மீண்டும் தொடங்கிய இடங்களில் ‘டக்’ என்றொரு சத்தம் கேட்கும்; அதையும் விட்டுவையுங்கள். அந்தக் கேசட்டுகளில் அவருடைய கை பதிந்திருப்பது அந்த இடங்களில்தான்.

பூஞ்சை பிடித்த கேசட்டுகளை முதலில் தனியாக எடுத்து மூடி வையுங்கள். அவற்றைக் கருவியில் போட்டால் பூஞ்சை, நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ‘ஹெட்’ பகுதியில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும், மூச்சுக்கும் நல்லதல்ல. அவற்றை நாடா சீரமைப்பில் அனுபவமுள்ளவரிடம் கொடுப்பதே நல்லது. மற்ற கேசட்டுகளைக் கையில் எடுத்து, திறந்திருக்கும் பக்கத்தின் நடுவில் பாருங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சுத் துண்டு ஒன்று மெல்லிய செப்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கலாகவும் விட்டுவிட்டும் கேட்கும். பதிவே அழிந்துவிட்டது என்று எண்ணி வீசிவிடாதீர்கள். திருகுகள் உள்ள கேசட்டாக இருந்தால் நாடாவைப் பழுதில்லாத வேறொரு கூட்டுக்குள் மாற்றிவிடலாம். 120 நிமிட கேசட்டுகளின் நாடா மிக மெல்லியது. அவற்றை வேகமாக முன்னும் பின்னும் ஓட்டாதீர்கள்.

மாற்றும்போது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் சுருக்கப்படாத கோப்பாகச் சேமியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட் இடம் போகும். இன்றைய நிலையில் அது பெரிய செலவில்லை. இரைச்சலைக் குறைக்கும் வேலையை மூலக் கோப்பில் செய்யாமல் ஒரு நகலில் செய்யுங்கள். மாற்றி முடித்த பிறகும் கேசட்டுகளை எறிய வேண்டாம். நம் ஊரின் ஈரப்பதத்தில் அலமாரி போதாது. புகைப்படக்காரர்கள் கேமராவுக்குப் பயன்படுத்தும் உலர் பெட்டியில் வைக்கலாம்.

இணையத்தைப் பொறுத்தவரை நிதானம் தேவை. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுக்கு 70 ஆண்டுகளும் ஒலிபரப்புக்கு 50 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. எண்பதுகளின் நிகழ்ச்சிகள் இன்னும் அந்தக் காலவரம்புக்குள்தான் இருக்கின்றன. வீட்டில் குடும்பத்தோடு கேளுங்கள். பொதுவில் ஏற்ற வேண்டுமென்றால் உரிமையாளர்களின் அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். தேசிய ஆவணக் காப்பகம் தனியாரிடமிருந்தும் வரலாற்று மதிப்புள்ள பதிவுகளைப் பெற்றுக்கொள்வதுண்டு. எந்த நிகழ்ச்சி, எந்த ஆண்டு, எந்த நிலையம் என்று தெரிந்தவரை குறித்து, அவர்களுக்கு எழுதிப் பாருங்கள்.

கேள்வி: கேசட்டில் தேதியே எழுதவில்லை. எந்த வாரத்து நிகழ்ச்சி என்று கண்டுபிடிக்க முடியுமா? (செங்காங் வாசகி)

பதில்: ஆங்கில நிகழ்ச்சி என்றால் எளிது. ‘பில்போர்டு’ பட்டியல்கள் வாரவாரியாக அச்சில் வந்தவை. அடுத்தடுத்து வரும் மூன்று பாடல்களையும் அவற்றின் இடங்களையும் குறித்துக்கொண்டு ஒப்பிட்டால், பெரும்பாலும் ஒரே ஒரு வாரம்தான் பொருந்தும். “சென்ற வாரம் பன்னிரண்டில் இருந்தது” என்பது போன்ற ஒரு வரி கிடைத்தால் ஐயமே இராது. தமிழ் நிகழ்ச்சிக்கு அப்படி ஒரு பட்டியல் கைவசம் இல்லாததால், வேறு வழியில் போக வேண்டும். பாடல்களிலேயே மிகப் புதிய படம் எது என்று பாருங்கள். அதன் இசைத்தட்டு வெளிவருவதற்கு முன் அந்த நிகழ்ச்சி நடந்திருக்க முடியாது. பண்டிகை வாழ்த்து, தேசிய தின அறிவிப்பு, பள்ளி விடுமுறை பற்றிய பேச்சு ஏதேனும் இடையில் வந்தால் மாதமும் தெரிந்துவிடும். செய்தி அறிக்கையின் ஒரு வாக்கியம் பதிவாகியிருந்தால், தேசிய நூலகத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் அதைத் தேடிப் பாருங்கள். ஓரிரு நாள் வித்தியாசத்தில் தேதி கிடைத்துவிடும். கிடைத்ததும் கோப்பின் பெயரிலேயே அதை எழுதிவிடுங்கள்.