துபாக் அமரு ஏன் வைஸ்ராயை விட்டுவிட்டு ஒரு மாவட்ட அதிகாரியைப் பிடித்தார்?

பெருவில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தவர் துபாக் அமரு. ஸ்பெயின் மன்னரின் பிரதிநிதியான வைஸ்ராய் லிமாவில் இருக்கும்போது, 1780 நவம்பர் 4 அன்று அவர் ஏன் தின்டா மாவட்டத்தின் கொரெகிதோர் (மாவட்ட அதிகாரி) அரியாகாவைப் பிடித்தார் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கட்டுரைக்கு இதுதான் நல்ல நுழைவாயில் என்பேன்.

கிராமத்து மக்களுக்கு அரசாங்கம் என்றாலே கொரெகிதோர்தான். வரி வசூல், வழக்கு விசாரணை எல்லாம் அவர் கையில். பலர் அந்தப் பதவியையே காசு கொடுத்து வாங்கியவர்கள். போட்ட பணத்தை எடுக்க ‘ரெபார்தோ’ இருந்தது. கோவேறு கழுதை, துணி என்று எதையாவது கொள்ளை விலைக்குக் கட்டாயமாகத் தலையில் கட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு விற்பனை வரி சில ஆண்டுகளுக்குள் 2%இலிருந்து 6% ஆனது. துபாக் அமருவும் கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றிப் பிழைத்தவர், அடி அவருக்கும் விழுந்தது. ஊர்த் தலைவர் என்பதால் கப்பம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. பொதோசி வெள்ளிச் சுரங்கத்துக்குக் கட்டாய வேலைக்கு ஆள் அனுப்புவதிலிருந்து தன் ஊர்களுக்கு விலக்குக் கேட்டு லிமா வரை போய் மனுக் கொடுத்தும் பார்த்தார், நடக்கவில்லை.

பிடித்த பிறகு செய்ததைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள். அரியாகாவைக் கொண்டே கடிதம் எழுத வைத்து, மாவட்டக் கருவூலத்திலிருந்த சுமார் 22,000 பெசோவையும் துப்பாக்கிகளையும் தன் ஊரான துங்காசூகாவுக்கு வரவழைத்தார். சாமர்த்தியமான வேலை! நவம்பர் 10 அன்று அங்கேயே அரியாகாவைத் தூக்கிலிட்டார்கள்.

அப்புறம், 1781 மே மாதம் குஸ்கோவில் துபாக் அமரு கொல்லப்பட்டதோடு கட்டுரையை முடிக்காதீர்கள். ரெபார்தோ ஒழிக்கப்பட்டது, 1784இல் கொரெகிதோர் பதவியே போனது. அதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.