ஆர்.சி.யில் 1343, பானெட்டுக்கு அடியில் 1493

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். கல்லூரி நாட்களிலிருந்தே பழைய ஹோண்டா சிட்டி விடெக் கார் மீது எனக்குத் தீராத ஆசை. ஆறு மாதத்துக்கு முன்பு, சென்னையில் கார் ஷெட் வைத்திருக்கும் ஒருவரிடம் 2002 மாடல் வண்டியை 4,85,000 ரூபாய்க்கு வாங்கினேன். நான்கு லட்சம் வங்கி வழியாகவும் மீதி ரொக்கமாகவும் கொடுத்தேன். "ஒரிஜினல் விடெக், எஞ்சினில் கை வைத்ததே இல்லை" என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். ஆர்.சி. அவர் பெயரில் இல்லை. முதல் ஓனரான பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட்ட, பெயர் மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30 மட்டும் கொடுத்தார். நான் வேலை மும்முரத்தில் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட்டுவிட்டேன். போன வாரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் எஞ்சின் எண்ணைப் பார்த்துவிட்டு, "இது ஆர்.சி.யில் இருக்கிற எஞ்சின் இல்லையே" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விற்றவரோ, "ஆர்.சி.யை உங்கள் கையில்தானே கொடுத்தேன், பார்த்து வாங்கியிருக்கலாமே" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? வண்டியை வைத்துக்கொள்ள வழி உண்டா? வின்டேஜ் வண்டியாகப் பதிவு செய்தால் இந்தச் சிக்கல் வராது என்று நண்பர் சொல்கிறாரே, சரியா?

பதில்: முதலில் ஒன்று. இதைப் படித்த நிமிடத்திலிருந்து அந்த வண்டியை ஓட்டாதீர்கள். ஓடோமீட்டரைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய ஆர்.சி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கன அளவு என்ற கட்டத்தில் 1343 என்று இருக்கிறது. அந்தத் தலைமுறை சிட்டியில் 1.3 லிட்டர் எஞ்சினின் அளவு அதுதான். விடெக் எஞ்சின் 1493 சி.சி., 106 குதிரைத்திறன். அதாவது உங்கள் வண்டி விடெக்காகப் பிறக்கவே இல்லை. 1.3 வண்டியில் பிற்பாடு யாரோ விடெக் எஞ்சினை ஏற்றி, டிக்கியில் அந்த எழுத்தையும் ஒட்டியிருக்கிறார்கள். ஆர்வலர்கள் நடுவே இப்படி எஞ்சின் மாற்றுவது சாதாரணமாக நடக்கிறது. நன்றாகவும் ஓடும். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது வேறு வண்டி.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே சொல்லிவிட்டது. எஞ்சினை மாற்ற வேண்டிய நிலை வந்தால் மாற்றும் முன்பே அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் பதிவே ரத்தாகலாம் என்றது அந்தத் தீர்ப்பு. பிரிவு 55(5) இன்னும் நேரடியானது. வண்டியில் பொறித்திருக்கும் எஞ்சின் எண்ணோ சேஸ் எண்ணோ ஆர்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால், உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்டுவிட்டுப் பதிவு அதிகாரி பதிவை ரத்து செய்ய வேண்டும். அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு 182ஏ(4) பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மாற்றியவர் நீங்கள் இல்லை, அதை நிரூபிக்க உங்களிடம் தாள் இருக்கிறது. ஆனாலும் தெரிந்த பிறகு ஓட்டிக்கொண்டே இருந்தால் அந்த வாதம் நாளுக்கு நாள் தேயும்.

இனிப் பணம். "ஆர்.சி.யைப் பார்த்து வாங்கியிருக்கலாமே" என்று அவர் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய வக்கீலும் இதையேதான் சொல்லப்போகிறார், அதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19, ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தால் வந்த ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம் என்கிறது. அதிலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு. அறியாமல் சொன்ன தவறான தகவலாலோ, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மௌனமாக இருந்ததாலோ நீங்கள் ஏமாந்திருந்தால், சாதாரணக் கவனத்தோடு பார்த்தே உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்ற நிலையில் ரத்து செய்ய முடியாது. 1343 என்ற எண் உங்கள் கண் முன்னால் இருந்ததே!

ஆனால் அவர் மௌனமாக இருக்கவில்லை. "ஒரிஜினல் விடெக், எஞ்சினில் கை வைத்ததே இல்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பொய்யென்று தெரிந்தே வாய் திறந்து சொன்ன பொய்க்கு அந்த விதிவிலக்கு பொருந்தாது. உங்கள் வழக்கு முழுவதும் இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. அதனால் அந்தக் கைபேசியை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்து நீட்டினால் மட்டும் நீதிமன்றம் ஏற்காது. சாட்சியச் சட்டம், அதாவது 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதினியம், பிரிவு 63இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். "85 கையில் வந்துவிட்டது" என்று அவர் அனுப்பிய செய்தியும் அதே உரையாடலில் இருக்கிறது. ரொக்கம் கொடுத்ததற்கு வேறு ரசீது உங்களிடம் இல்லை, இதுதான் ரசீது.

வண்டியை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்றால், உண்மை தெரிந்த பிறகும் வண்டியை அனுபவித்துக்கொண்டிருப்பவர் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். போன வாரத்துக்குப் பிறகு ஏறும் ஒவ்வொரு கிலோமீட்டரும் எதிராளிக்குச் சாட்சி.

அடுத்த வேலை, பிரேக் இன்ஸ்பெக்டர் வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குவது. விண்ணப்பத்தைத் திருப்பியதற்கான காரணத்தைக் கேட்டு ஆர்.டி.ஓ.வுக்கு மனு கொடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஓர் அரசு அதிகாரி தன் கையால் எழுதிய "எஞ்சின் எண் பொருந்தவில்லை" என்ற வரி, பத்து மெக்கானிக்குகளின் சாட்சியத்துக்குச் சமம்.

அது கையில் வந்ததும் வக்கீல் நோட்டீஸ். 15 நாள் கெடு கொடுத்து, வண்டியை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தரும்படி கேட்கலாம். மசியாவிட்டால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த பெரிய வசதி. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், உங்களுக்கு நேரம் இருக்கிறது. பொருளை அது இல்லாத ஒரு மாடல் என்று பொய்யாகக் காட்டுவது அந்தச் சட்டத்தில் நேர்மையற்ற வணிகமுறை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தன் சொந்தக் காரை ஒருமுறை விற்கும் ஆளை நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்க முடியாது. எதிராளி வியாபாரியாக இருக்க வேண்டும். "நான் ஷெட்காரன்தான், வியாபாரி இல்லை" என்று அவர் சொல்லக்கூடும். அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விற்பனைக்குப் போட்டிருக்கும் மற்ற வண்டிகளின் பதிவுகளை நோட்டீஸ் அனுப்பும் முன்பே சேமித்துவிடுங்கள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மறுநாள் அவை இருக்காது.

போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா என்று பலர் உடனே கேட்பார்கள். பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) என்ற குற்றவியல் சட்டத்தின் 318(4) பிரிவு பொருந்தும், ஏழு ஆண்டு வரை தண்டனை. இருந்தாலும் நான் அதை முதல் படியாக வைக்க மாட்டேன். காரணம், அந்த விடெக் எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விபத்தில் போன வண்டியைக் காயலான் கடையில் உடைத்து எடுத்ததாக இருக்கலாம். திருட்டு வண்டியுடையதாகவும் இருக்கலாம். எஃப்.ஐ.ஆர். போட்டால் கார் வழக்குச் சொத்தாகிவிடும். வேப்ப மரத்தடியில், நான்கு டயரும் மண்ணில் புதைந்து, கண்ணாடி முழுக்கப் பறவை எச்சத்தோடு நிற்கும் வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் பார்த்திருப்பீர்கள். நீதிமன்றத்தில் மனுப் போட்டு இடைக்காலப் பொறுப்பில் எடுக்கலாம்தான். ஆனால் ஆர்.சி.யும் உங்கள் பெயரில் இல்லை, எஞ்சின் எண்ணும் பொருந்தவில்லை என்னும்போது அந்த மனுவே ஒரு தனி வழக்காக நீளும். நோட்டீஸில் "இந்த எஞ்சினின் பில்லையும் அதன் பழைய வண்டியின் விவரத்தையும் தரவும்" என்று ஒரு பத்தி சேருங்கள். பதில் சொல்ல மறுத்தால், அப்போது போலீஸுக்குப் போவதில் தயக்கம் வேண்டாம்.

ஆர்.சி.யில் பெயர் இருக்கும் பெரியவரைப் பற்றி நீங்கள் ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். என் மனதில் அவரே நிற்கிறார். 2018இல் நவீன் குமார் வழக்கில், வண்டி பல கை மாறியிருந்தும், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறு மாதமாக நீங்கள் ஓட்டிய வண்டியில் யார் மீதாவது மோதியிருந்தால், சம்மன் போயிருப்பது எப்போதோ வண்டியை விற்றுவிட்ட அந்தப் பெரியவர் வீட்டுக்கு. அவரை நேரில் போய்ப் பாருங்கள். நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள். தான் விற்றபோது உள்ளே இருந்தது 1.3 எஞ்சின்தான் என்று அவர் ஒரு பிரமாண வாக்குமூலம் தந்தால், மாற்றியது யார் என்ற கேள்விக்கே விடை கிடைத்துவிடும். அவருக்கும் தன் பெயரை அந்த ஆர்.சி.யிலிருந்து எடுத்தாக வேண்டிய அவசியம் இருக்கிறது.

இன்ஷூரன்ஸும் அவர் பெயரில்தான் ஓடுகிறது. மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு உங்களிடம் வந்துவிடும். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு அப்படித் தானாக வராது.

வின்டேஜ் யோசனையை விட்டுவிடுங்கள். 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கே அந்தப் பதிவு. உங்கள் வண்டிக்கு அது 2052இல். அப்போதும் எஞ்சினிலோ பாடியிலோ பெரிய மாற்றம் செய்யாத வண்டியாக இருக்க வேண்டும், தினசரிப் போக்குவரத்துக்கும் ஓட்டக் கூடாது. "கிளாசிக்" என்று ஆர்வலர்கள் பிரியமாகச் சொல்லும் இருபது, முப்பது வயது வண்டிகளுக்கு நம் சட்டத்தில் தனி இடம் எதுவும் இல்லை. பழைய கார், அவ்வளவுதான்.

வைத்துக்கொள்ள வழி உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்தேன், உங்களுக்கு அந்த வண்டியை விட மனமில்லை என்று புரிகிறது. இந்த விடெக் எஞ்சினையே ஆர்.சி.யில் ஏற்றித் தருவார்கள் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஜெயச்சந்திரா தீர்ப்புக்குப் பிறகு, 1343 சி.சி. வண்டிக்கு 1493 சி.சி. எஞ்சினை எந்த ஆர்.டி.ஓ. அனுமதிப்பார்? நடக்கக்கூடியது ஒன்றே: ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு கூடிய பழைய 1.3 எஞ்சினையே திரும்பப் பொருத்துவது. அது அழிந்துபோயிருந்தால், முன்அனுமதி வாங்கி, பில்லோடு கூடிய அதே வகை 1.3 எஞ்சினை ஏற்றி, 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, எண்ணைத் திருத்திக்கொள்வது. அதன் பிறகே பெயர் மாற்றம். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற கெடு தாண்டிவிட்டதால் அபராதம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். 1.3 வண்டிக்கும் விடெக்குக்கும் சந்தையில் உள்ள விலை வித்தியாசத்தையும் எஞ்சின் மாற்றும் செலவையும் விற்றவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தள்ளிப்போட நேரமும் இல்லை. ஆர்.சி. 2027 மார்ச் வரைதான் செல்லும். புதுப்பிக்கும்போது வண்டியை மறுபடி அதே பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த வேண்டும். 20 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் இப்போது 10,000 ரூபாய், பசுமை வரி தனி.

கடைசியாக ஒன்று. வாங்கிய அன்று ஷெட்டில் எடுத்ததாக ஒரு படம் அனுப்பியிருக்கிறீர்களே, நீங்கள் சாவியை வாங்குவது போல. உங்களுக்குப் பின்னால் சுவரோரமாக நீலத் தார்ப்பாய் போர்த்திய ஓர் எஞ்சின் கிடக்கிறது, தார்ப்பாய் விலகிய இடத்தில் பிளாக் தெரிகிறது. அது எந்த வண்டியுடையது என்று சொல்ல முடியாது. ஆனால் நோட்டீஸ் அனுப்பும் முன்பே, உங்களை அடையாளம் தெரியாத ஒரு மெக்கானிக்கை அனுப்பி, அதன் எண்ணைப் பார்த்துவரச் சொல்லுங்கள். ஆர்.சி. நகலை அவர் சட்டைப்பையில் கொடுத்தனுப்ப மறக்காதீர்கள்.