காது டெஸ்ட் நார்மல், ஆனாலும் சொன்னது ஏறவில்லை. என் பையன் வேண்டுமென்றே செய்கிறானா?

எட்டு வயது, ஆடியோகிராம் நார்மல், வகுப்பில் சொல்வது பாதி புரிவதில்லை என்கிறீர்கள். வேண்டுமென்றே இல்லை. வீட்டில் இந்நேரம் யாராவது 'திமிர்' என்று முடிவு கட்டியிருப்பார்கள், முதலில் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

என் மகளுக்கும் இதே கதைதான். ஆடிட்டரி ப்ராசஸிங் டிஸ்ஆர்டர் என்றார்கள், அதாவது காது கேட்கும், கேட்டதை மூளை சரியாகப் பிரித்தெடுக்காது. குழாய் ஓடும்போது தட்டை எடுத்துவா என்றால் சட்டையோடு வந்து நிற்பாள். அதையே அமைதியான அறையில் முகம் பார்த்துச் சொன்னால் ஒரு பிசகும் இருக்காது. ஆடியோகிராம் மெல்லிய 'பீப்' காதில் விழுகிறதா என்றுதான் பார்க்கும், இரைச்சலுக்கு நடுவே பேச்சை மூளை பிரித்தெடுக்கிறதா என்பது அதில் தெரியாது. அதற்குத் தனி டெஸ்டுகள் உண்டு. ஒன்றில் இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் வேறு வேறு எண்கள் வரும், கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) தாளைக் காட்டினார்: வலது காது வரிசை முழுக்க டிக், இடது காது வரிசையில் பாதி காலி. அந்தத் தாளைப் பார்த்த பிறகு என் பிள்ளையை ஒருவரும் திட்ட நான் விட்டதில்லை.

ஒன்று சொல்லியே ஆகணும். அதற்கு முன் போன கிளினிக்கில் டாக்டர் கேள்வியெல்லாம் என்னிடம் கேட்டுவிட்டு விளக்கத்தை மட்டும் என் கணவரிடம் சொன்னார். லீவு போட்டு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவது யார்? இன்றைக்கும் ஆறவில்லை.

நான் மருத்துவர் இல்லை. ஆடிட்டரி ப்ராசஸிங் டிஸ்ஆர்டர் என்பதைத் தனிக் குறைபாடாக ஏற்காத நிபுணர்களும் இருக்கிறார்கள், அதைச் சொல்லி யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஏடிஎச்டியும் (கவனம் ஒரு இடத்தில் நிற்காத சிக்கல்) மொழி வளர்ச்சிச் சிக்கலும் வெளியே இதே மாதிரிதான் தெரியும், சேர்ந்தும் வரும். அதனால் பேச்சு மொழி நிபுணரும் பார்க்கட்டும். ஏழு வயதுக்குள் இந்த டெஸ்டுகளின் முடிவை அவ்வளவாக நம்ப முடியாது என்பார்கள், உங்கள் பையன் அதைத் தாண்டிவிட்டான்.

எங்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது ரிமோட் மைக். டீச்சர் மைக்கை மாட்டிக்கொள்வார், பிள்ளை காதில் சின்ன ரிசீவர், குரல் நேராக வந்துவிடும். முன் பெஞ்ச் கேளுங்கள், ஆனால் ஃபேனுக்கும் ஜன்னலுக்கும் பக்கத்தில் வேண்டாம். வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், புரியாவிட்டால் சத்தத்தைக் கூட்டாமல் வேறு மாதிரி சொல்லிப் பாருங்கள். அப்புறம், வீட்டுப்பாடத்தைப் போர்டில் எழுதிப்போட வேண்டும் என்பதை ஆடியாலஜிஸ்ட் அறிக்கையிலேயே எழுதி வாங்கிவிடுங்கள், வாய்ப்பேச்சாகச் சொன்னால் அடுத்த வருஷ டீச்சரிடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.