பழைய டீசல் காருக்கு ஆர்பிஎம் மீட்டர்: முள் ஏன் அசையவில்லை?

கேள்வி: சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் பழைய டீசல் கார் வைத்திருக்கிறேன், மேனுவல் கியர். டேஷ்போர்டில் கடிகாரம் உண்டு, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டர் இல்லை. பெட்ரோல் கார் மீட்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். விளக்கு எரிகிறது, முள் அசையவில்லை. என்ன செய்யலாம்? (வாசகர், ஈசூன்)

பதில்: மீட்டரில் பழுது இருக்க வாய்ப்பில்லை. பெட்ரோல் எஞ்சினில் பிளக்கில் பொறி உண்டாக்கும் இக்னிஷன் காயிலிலிருந்து வரும் மின்துடிப்பை அது எண்ணுகிறது. நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 2 துடிப்பு. டீசலில் காயிலே கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. எண்ண ஒன்றுமில்லை, முள் படுத்தே கிடக்கிறது.

டீசலில் துடிப்பை, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரிலிருந்து எடுப்பதுதான் வழக்கம். அதன் பின்புறம் ‘டபிள்யூ’ என்று குறியிட்ட முனை இருக்கிறதா பாருங்கள். நேர்மின்சாரமாக மாற்றும் டயோடுகளுக்குப் போகும் முன்னே ஒரு கட்டத்தின் (ஃபேஸ்) மாறுமின்சாரம் அங்கே வெளியே வரும். எஞ்சின் வேகம் கூடினால் அதன் அலைவெண்ணும் கூடும். முனை இல்லையென்றால் ஆல்டர்நேட்டரைத் திறந்து ஸ்டேட்டர் (உள்ளே சுழலாமல் நிற்கும் கம்பிச்சுருள்) ஒயரில் ஒரு இணைப்பைப் பற்றவைக்க வேண்டும். அதைக் கார்பார்க்கில் செய்யாதீர்கள். காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ ஆல்டர்நேட்டரைப் பிரித்து வேலை செய்யும் ஆட்டோ எலெக்ட்ரிக் கடையில் கொடுங்கள்.

இனிமேல்தான் பலர் தவறும் இடம். டபிள்யூ முனையில் ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்பது காருக்குக் கார் மாறும். 12 துருவம் கொண்ட ஆல்டர்நேட்டர் தான் ஒரு தடவை சுற்றினால் 6 துடிப்பு தரும். எஞ்சின் தண்டோடு சுற்றும் கிராங்க் புல்லி 150 மி.மீ., பெல்ட்டால் அதனுடன் இணைந்த ஆல்டர்நேட்டர் புல்லி 68 மி.மீ. என்றால் எஞ்சின் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஆல்டர்நேட்டர் சுமார் 2.2 தடவை சுற்றிவிடும். ஆக எஞ்சினின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 13.2 துடிப்பு. உங்கள் பெட்ரோல் மீட்டரை இதில் இணைத்து, அது எண்ணவும் செய்தால், 800-இல் ஐட்லிங் ஓடும் எஞ்சினை 5,280 என்று காட்டும். அதனால் ‘டீசல்’ அல்லது ‘ஆல்டர்நேட்டர்’ என்று குறிப்பிட்ட, துடிப்பு எண்ணிக்கையை மாற்றி அமைக்க முடிகிற மீட்டரையே வாங்குங்கள்.

கணக்கு தொடக்கத்துக்குத்தான், அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். கிராங்க் புல்லியில் ஒளி பிரதிபலிக்கும் நாடாத் துண்டு ஒட்டி, ஒளியைக் கொண்டு சுற்றை எண்ணும் கைமீட்டரால் ஐட்லிங்கிலும் 2,000-இலும் அளந்து, மீட்டரின் பின்னாலுள்ள திருகியை இரண்டுக்கும் பொருந்தும்படி வையுங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் முதலில் இறுக்குங்கள். நம் ஊரில் ஏர்கான் நாள் முழுக்க ஓடுவதால், அதை ஓடவிட்டும் ஒரு தடவை அளப்பது நல்லது. ஏர்கானும் ஆல்டர்நேட்டரும் ஒரே பெல்ட்டில் ஓடி அது வழுக்கினால், மீட்டர் குறைத்துக் காட்டும். ஸ்டார்ட் செய்தவுடன் முள் பூஜ்யத்தில் நின்றாலும் பதற வேண்டாம். சில ஆல்டர்நேட்டர்கள் ஆக்ஸிலரேட்டரைச் சற்று மிதித்த பிறகுதான் சார்ஜ் தொடங்கும்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆல்டர்நேட்டரின் தடித்த ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். டபிள்யூ ஒயரில், முனைக்குப் பக்கத்திலேயே சிறிய ஃப்யூஸ் போடுங்கள்; அந்த ஒயர் உரசி பாடியில் பட்டால் ஸ்டேட்டரே கெடலாம். மீட்டருக்கான மின்சாரம் சாவி திருப்பினால் மட்டும் வரும் இணைப்பிலிருந்து, தனி ஃப்யூஸ் வழியாக வரட்டும்.

இன்ஜெக்டருக்கு எரிபொருள் போகும் குழாயில் கவ்வி போட்டு, எரிபொருள் பாயும் துடிப்பை எண்ணும் முறையும் உண்டு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு துடிப்பு. பட்டறையில் சோதிக்க அருமையானது, நிரந்தரமாகப் பொருத்த நான் சொல்லமாட்டேன்.

இவ்வளவு சிரமம் தேவையா என்றால், மேனுவல் டீசலுக்குத் தேவைதான். எரிபொருள் பம்பிலுள்ள கவர்னர் எரிபொருளைக் குறைத்து அதிக வேகத்தைத் தடுக்கும். ஆனால் விரைவுச்சாலையில் வேகமாகப் போகும்போது தவறிக் கீழ் கியருக்கு மாற்றினால், சக்கரமே எஞ்சினை அளவுக்கு மேல் சுழற்றும், அதைக் கவர்னரால் தடுக்க முடியாது. உங்கள் எஞ்சினின் உச்ச வரம்பைக் கையேட்டில் பார்த்து மீட்டரின் கண்ணாடியில் சிவப்புக் கோடு போடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, சாலைப் பார்வையை மறைக்காமல், ஏர்பேக் இருந்தால் அது விரியும் பாதையில் இல்லாமல் வையுங்கள். 10 ஆண்டு தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டியதால், பொருத்தும் இடத்தைப் பரிசோதனை நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இதே மாடலில் ஆர்பிஎம் மீட்டருடன் வந்த கார் ஏதாவது கழித்துக்கட்டும் கடையில் கிடைத்தால், அந்த மீட்டரையும் அதற்குரிய சென்சாரையும் சேர்த்தே வாங்கிக் கடிகாரத்தின் இடத்தில் வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.